பட்டறையா, தளமா, ஒப்பந்தமா? மரத்தொழிலில் இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வீட்டுக் கதவை எடுத்துக்கொள்வோம். சட்டங்களை இழைத்து, துளை எடுத்து, நடுப்பலகையை உள்ளே விட்டுக் கோர்ப்பவர் ஒருவர். சுவரில் நிலையைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, கீல் வெட்டி, அந்தக் கதவை மாட்டுபவர் இன்னொருவர். எத்தனை கதவு, என்ன மரம், எந்தத் தேதிக்குள், மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் மூன்றாமவர். சின்ன வேலைகளில் மூன்றையும் ஒரே ஆள் பார்ப்பதுண்டு. அதனால் வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே தொழில் போலத் தெரிகின்றன. உள்ளே வந்தபின் கையில் பிடிக்கும் கருவி, பொறுத்துக்கொள்ளும் பிழையின் அளவு, தூக்கத்தைக் கெடுக்கும் கவலை எல்லாமே வேறு வேறு.

முதல் வேலை பட்டறையில் நடப்பது. அதை இங்கே மரவேலை என்று சொல்வோம். இரண்டாவது கட்டடத்தில் நடக்கும் தச்சு. மூன்றாவது ஒப்பந்தம். எதில் இறங்கலாம் என்று யோசிப்பவர் ‘எனக்கு எது பிடிக்கும்’ என்பதோடு ‘வேலை கெட்டால் நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்’ என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். மரவேலைக்காரர் மரத்தின் குணத்துக்குப் பதில் சொல்கிறார், தச்சர் கட்டடத்தின் கோணலுக்கு, ஒப்பந்தக்காரர் வரிசைக்கும் கணக்குக்கும். ஒரே கதவை மூவர் கையிலும் கொடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

மரவேலை: அறுத்த பிறகும் அசையும் மரம்

மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், விடும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் எல்லாத் தொல்லையும். வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் வரும் சுருக்கம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் வருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டக் கட்டை காயும்போது வெடிப்பதும், பலகை கிண்ணம் போலக் குழிவதும் இதனால்தான்.

இதை எண்ணாகப் பார்ப்பது நல்லது. மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்கும். முழுக்கக் காயும்போது வளையத் திசையில் மொத்தம் 6 சதவீதம் சுருங்கும் மரம் என்று வைத்துக்கொண்டால், ஈரம் 1 சதவீதம் மாறும்போது அகலம் 0.2 சதவீதம் மாறும். 400 மி.மீ. அகலமான நடுப்பலகை வறண்ட காலத்தில் 8 சதவீத ஈரத்திலும், மழைக்காலத்தில் 14 சதவீதத்திலும் இருந்தால் அதன் அகலம் கிட்டத்தட்ட 5 மி.மீ. கூடிக் குறையும். இந்த 5 மி.மீ.க்கு இடம் விடாமல் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டினால், மழைக்காலத்தில் அது சட்டத்தின் மூலைகளைப் பிரித்துவிடும், வறட்சியில் தானே நடுவில் பிளக்கும். எந்தப் பசையாலும் இதைத் தடுக்க முடியாது.

ஆகவே நடுப்பலகை காடியில், அதாவது சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய நீளப் பள்ளத்தில், பசையில்லாமல் மிதக்க வேண்டும். காடியின் ஆழம் 12 மி.மீ. என்றால், வறண்ட காலத்தில் செய்யும்போது பலகை பக்கத்துக்கு 9 மி.மீ. உள்ளே போகட்டும், 3 மி.மீ. காலியாக இருக்கட்டும். ஈரமான காலத்தில் செய்தால் ஏறக்குறைய அடிவரை விடலாம், ஏனென்றால் அது இனிமேல் சுருங்கத்தான் போகிறது. பலகைக்கு வார்னிஷோ பெயின்ட்டோ கோர்ப்பதற்கு முன்பே விளிம்புவரை அடித்துவிடுங்கள். கோர்த்த பிறகு அடித்தால், முதல் வறட்சியில் பலகை சுருங்கி விளிம்போரம் நிறமில்லாத கோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

பலகையைத் தயார் செய்வதிலும் வரிசை உண்டு. தேவையான அளவைவிட நீளத்தில் 25 மி.மீ., அகலத்தில் 5 மி.மீ. கூட வைத்து அறுத்து, சில நாள் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். அறுத்தவுடன் உள்ளிருக்கும் இறுக்கம் விடுபட்டுப் பலகை சற்றுக் கோணும். அது கோணி முடிக்கட்டும். பிறகு ஒரு முகத்தை மட்டமாக இழைக்க வேண்டும். அந்த முகத்தை ஆதாரமாக வைத்து ஒரு விளிம்பை மூலைமட்டத்துக்கு, அதாவது சரியான செங்கோணத்துக்கு, கொண்டுவர வேண்டும். அடுத்தது கனம், அதன் பின் அகலம், கடைசியில் நீளம். புதியவர்கள் பலரும் முதல் படியைத் தாண்டி, முறுக்கிய பலகையை நேரே திக்னஸ் பிளேனரில், அதாவது கனத்தைச் சீராக இழைக்கும் இயந்திரத்தில், விடுகிறார்கள். இயந்திரத்தின் உருளை அழுத்தும்போது பலகை தட்டையாகிறது, வெளியே வந்ததும் பழைய முறுக்குக்குத் திரும்புகிறது. கனம் ஒரே சீராக இருக்கும், ஆனால் பலகை மேசையில் ஆடும். இரண்டு முகங்களிலும் ஏறத்தாழச் சம அளவு இழைப்பதும் முக்கியம். ஒரே பக்கத்தில் ஆழமாக இழைத்தால் உள்ளே இருந்த ஈரமான பகுதி அந்தப் பக்கம் மட்டும் வெளிப்பட்டு, மறுநாள் பலகை குழிந்துவிடும்.

சட்டங்களைச் சேர்க்கும் இணைப்பில் ஒரு கட்டையில் துளை, மற்றதன் முனையில் அதற்குள் இறங்கும் நாக்கு. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 35 மி.மீ. சட்டத்துக்கு 12 மி.மீ. சரி. துளையின் அடி, நாக்கின் நீளத்தைவிட 2 மி.மீ. கூடுதல் ஆழமாக இருக்கட்டும், உபரிப் பசை தங்க இடம் வேண்டும். நாக்கு கையால் அழுத்தி இறங்க வேண்டும். சுத்தியலால் அடித்தால்தான் இறங்குகிறது என்றால் பசை முழுவதும் வழிக்கப்பட்டு வெளியே வந்துவிடும், சில சமயம் துளையின் சுவரே பிளக்கும். தானாக விழுந்தால் தளர்வு. வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பித் தாங்காது. மரமும் மரமும் தொட்டால்தான் அதற்குப் பிடிப்பு.

பசை போட்டுக் கிளாம்ப் (கட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால், கிளாம்பை அந்த நீள மூலைவிட்டத்தின் பக்கம் சிறிது சாய்த்து வைத்து இறுக்கினால் சட்டம் சதுரத்துக்கு வரும். இதைச் செய்யப் பசை இறுகுவதற்கு முன் சில நிமிடங்களே கிடைக்கும். அதனால் ஒருமுறை பசையில்லாமல் முழுவதும் கோர்த்துப் பார்க்காமல் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். கிளாம்பை ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம், ஆனால் 24 மணி நேரம் வரை அந்த இணைப்புக்கு வேலை கொடுக்கக் கூடாது.

பட்டறையில் தூசி பற்றி யாரும் சீக்கிரம் சொல்லித் தருவதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் இழைப்புச் சுருளைவிட, தேய்ப்புத் தாளிலிருந்து எழும் நுண்தூசிதான் நுரையீரல்வரை போவது. முகத்தில் துணி கட்டுவது போதாது, நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க் வேண்டும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிவதும் ஆபத்து. அது காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்க வையுங்கள்.

தச்சு: நேராக இல்லாத கட்டடத்தில் நேரான பொருள்

பட்டறைக்காரர் தன் மேசை மட்டம் என்று நம்பி வேலை செய்யலாம். தச்சருக்கு அந்த வசதி கிடையாது. சுவர் சாய்ந்திருக்கும், தரை ஒரு மூலையில் இறங்கியிருக்கும். எனவே அவர் முதலில் செய்வது கட்டடத்துக்குள் தனக்கென்று ஒரு நம்பகமான கோட்டை உண்டாக்குவது. தரை வேலை முடிந்தபின் வரப்போகும் மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில், ட்யூப் லெவலோ (தண்ணீர் நிரப்பிய குழாய்) லேசரோ வைத்து எல்லாச் சுவர்களிலும் ஒரு கோடு போட வேண்டும். கதவு, சன்னல், அலமாரி எல்லாவற்றின் உயரமும் அந்தக் கோட்டிலிருந்தே. கரடுமுரடான தரையிலிருந்து அளந்து நிலையை நிறுத்தினால், தரை போட்ட பிறகு ஒரு கதவு இன்னொன்றைவிடத் தாழ்ந்து நிற்கும்.

நிலையை நிறுத்தும்போது ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்ப்பது பாதி வேலைதான். ஒவ்வொரு நிலைக்காலையும் முகப்பிலும் பக்கவாட்டிலும் தூக்குக்குண்டு பார்க்க வேண்டும். உள் அகலம் மேலே, நடுவே, கீழே ஒன்றாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். கடைசியாக, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ ஒன்று மற்றதை அழுத்தினாலோ நிலை முறுக்கியிருக்கிறது. நூலை மாற்றிக் கட்டி, அதாவது மேலே இருந்ததைக் கீழாக்கி, மீண்டும் பார்த்தால்தான் உறுதி. இந்தச் சோதனையை விட்டால் என்ன ஆகும் என்றால், கதவு சாத்தும்போது மேலே நிலையில் முட்டி, கீழே 5 மி.மீ. வெளியே நிற்கும். அப்போது கதவு கோணல் என்று பட்டறைக்காரரைத் திட்டுவார்கள். கதவில் ஒரு குறையும் இருக்காது.

சுவர் கட்டும்போதே நிலையை நிறுத்தினால், கால்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கட்டையைத் தற்காலிகமாக முட்டுக்கொடுங்கள். கலவையின் அழுத்தத்தில் கால் உள்ளே வளைவது மிகச் சாதாரணமாக நடக்கும். சுவரைத் தொடும் பின்பக்கத்துக்கு ப்ரைமரோ மரம் காக்கும் மருந்தோ அடித்த பிறகே நிறுத்த வேண்டும், பின்னால் அதை அடிக்க வழியில்லை.

கதவு மாட்டுவதற்கான அளவுகள் இவை. மேலேயும் இரு பக்கமும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. அடியில் 6 முதல் 10 மி.மீ., மிதியடியோ விரிப்போ போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து. மூன்று கீல்கள்: மேல் கீல் உச்சியிலிருந்து 150 முதல் 200 மி.மீ., கீழ்க் கீல் அடியிலிருந்து 200 முதல் 250 மி.மீ. மூன்றாவது நடுவில், கதவு கனமென்றால் சற்று மேலே தள்ளி. கீல் அமரும் பள்ளத்தின் ஆழம் கீல் தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கதவும் நிலையும் கீல் பக்கம் முன்பே முட்டிக்கொள்ளும். சாத்திய கதவு தானே திறந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். பூட்டு இருக்கும் விளிம்பை உள்பக்கம் 2 அல்லது 3 பாகை சாய்த்து இழைக்க வேண்டும். 35 மி.மீ. கதவுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. இல்லையென்றால் கதவு திரும்பும்போது அந்த மூலை நிலையில் உரசும்.

முதலில் ஒவ்வொரு கீலிலும் ஒரே ஒரு திருகாணி. திறந்து மூடிப் பார்த்து, திருத்தி, பிறகு மீதி. திருத்தம் முடிந்ததும் கதவைக் கழற்றி, உச்சிக்கும் அடிக்கும் பெயின்ட் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விடப்படும் அடிவிளிம்புதான் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சும் இடம். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுகிறது என்று வரும் அழைப்புகளில் பல இதனால் வருபவை.

படிக்கட்டு தச்சரின் கணக்கைச் சோதிக்கும். கீழ்த் தரையிலிருந்து மேல்தரைவரை 2700 மி.மீ. என்றால் 15 ஏற்றம், ஒவ்வொன்றும் 180. மிதிபலகை 14 போதும், கடைசி ஏற்றம் மேல்தரையிலேயே முடிவதால். இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்து 600 முதல் 630 மி.மீ.க்குள் வந்தால் நடை இயல்பாக இருக்கும். 180 ஏற்றத்துக்கு 260 மிதி வைத்தால் 620. வழக்கமான பிசகு, தரை ஓட்டின் கனத்தை மறப்பது. மேலும் கீழும் பின்னால் 20 மி.மீ. தரை போட்டால் முதல் படி 160 ஆகிறது, கடைசிப் படி 200 ஆகிறது. கால் ஒரே உயரத்தை எதிர்பார்த்து ஏறும், அந்த 20 மி.மீ.தான் ஆளைக் கீழே தள்ளும். படிக்கு உங்கள் ஊர்க் கட்டட விதி சொல்லும் எல்லைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையும் கான்கிரீட் சென்டரிங்கும் (கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை அச்சு) தச்சுக்குள்தான் வரும். அங்கே அழகைவிடச் சுமைதான் பேச்சு. கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டை) சுவர்மேல் படுக்கும் சுவர்க்கட்டையில் அமர வெட்டும் பள்ளம், கைமரத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

எவ்வளவு பிழை பொறுக்கலாம்?

பட்டறை இணைப்பில் 0.2 மி.மீ. தெரியும். கதவு இடைவெளியில் 1 மி.மீ. தெரியும். கூரைச் சட்டத்தில் 3 மி.மீ. யாருக்கும் தெரியாது. கூரையில் ஏறி 0.2 மி.மீ.க்காக நேரம் செலவிடுபவரும் நட்டப்படுவார், இழுப்பறையில் 3 மி.மீ. விடுபவரும் நட்டப்படுவார். இழுப்பறை நகரும் தடமான, பந்து உருளும் சாதாரணச் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.5 முதல் 13 மி.மீ. இடம் வேண்டும். திறப்பின் அகலத்திலிருந்து 25 அல்லது 26 மி.மீ. கழித்தால் இழுப்பறையின் வெளி அகலம். அதில் 2 மி.மீ. பிசகினாலே சேனல் இறுகும், அல்லது கழன்று விழும்.

ஒப்பந்தம்: வரிசையும் கணக்கும்

நல்ல கைவேலைக்காரர்கள் பலர் ஒப்பந்தத்தில் பணத்தை இழக்கிறார்கள். வேலை தெரியாமல் இழப்பதில்லை, எண்ணிப் பார்க்காமல் இழக்கிறார்கள்.

ப்ளைவுட் பலகை 2440 மி.மீ. நீளம். 610 மி.மீ. துண்டு நான்கு வேண்டும், ஒரு பலகை போதும் என்று மனக்கணக்கு சொல்லும். ரம்பத்தின் பல் ஒவ்வொரு அறுப்பிலும் 3 மி.மீ. தின்னும். மூன்று அறுப்புக்கு 9 மி.மீ. போக நான்காவது துண்டு 601 தான் வரும். எல்லாத் துண்டுகளையும் 607 ஆக வரைபடத்திலேயே மாற்றியிருந்தால் ஒரு பலகை மிச்சமாகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் தாளில் வரைந்து, ரேகை ஓடும் திசையையும் குறித்து, அதன் பிறகே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். கட்டை மரத்தில் கணுவும் வெடிப்பும் இழைப்பும் சேர்ந்து 20 முதல் 30 சதவீதம் கழியும். 35 மி.மீ. கதவுக்கு வாங்குவது 40 மி.மீ.க்கு மேல் அறுத்த பலகை. காசு கொடுப்பது அந்த அளவுக்குத்தான், மிஞ்சும் அளவுக்கு இல்லை.

விலைப்புள்ளியில் மரம், ப்ளைவுட், கீல், திருகாணி, பசை, பெயின்ட், கூலி, வண்டி வாடகை, குப்பை அகற்றுவது, கருவித் தேய்மானம், திரும்பி வந்து திருத்தும் நாள் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். அதன்மேல் லாபம். இங்கேதான் அடிக்கடி சறுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. செலவு 100, விற்கும் விலையில் 20 சதவீதம் லாபம் வேண்டுமென்றால் விலை 120 இல்லை, 125. விலை 120 என்றால் கையில் நிற்பது 16.7 சதவீதம்தான்.

அடுத்தது வரிசை. நிலை, சுவருக்குள் போகும் மின்குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும், பூச்சு, தரை, கதவு, பெயின்ட், கடைசியில் கைப்பிடியும் பூட்டும். பூச்சு காயாத வீட்டுக்குள் கதவையும் அலமாரியையும் கொண்டுவந்து அடுக்குவது மிகப் பெரிய தவறு. சுவர் விடும் ஈரத்தை மரம் குடித்து உப்பும், மாட்டிய பிறகு காய்ந்து சுருங்கும். பட்டறைக்காரர் கணக்குப் போட்டு விட்ட 3 மி.மீ. அங்கே வீணாகிறது. சுவர் காய்ந்தபின் கொண்டுவந்து, ஓரிரு வாரம் அந்த அறையிலேயே காற்றோட்டமாக வைத்திருந்து மாட்டுவது நல்லது.

பேசியதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மரம், எந்த அளவு, எந்தப் பூச்சு, எது வேலையில் சேராது என்பதும் கூட. ‘அப்படியே இந்த அலமாரியையும் மாத்திடுங்களேன்’ என்று வீட்டுக்காரர் சொன்னால், முகம் கோணாமல் கேட்டுக்கொண்டு, கூடுதல் தொகையையும் கூடுதல் நாளையும் அன்றே எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: பொருள் வாங்க முன்பணம், நிலை நின்றதும் ஒரு பகுதி, கதவு மாட்டியதும் ஒரு பகுதி, குறைகளைத் திருத்தி ஒப்படைத்ததும் மீதி. கடைசிப் பகுதியாக 5 அல்லது 10 சதவீதம் நிறுத்திவைப்பது பல ஒப்பந்தங்களில் வழக்கம். அது வரத் தாமதமானாலும் உங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். நீங்கள் அழைத்துவந்த ஆள் செய்த தவறுக்கும் வீட்டுக்காரரிடம் பதில் சொல்வது நீங்கள்தான். உரிமம், காப்பீடு பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொடங்குவது எப்படி

மூன்றையும் சின்னதாகச் செய்து பாருங்கள். முதலில் துளையும் நாக்கும் இணைப்பில், மிதக்கும் நடுப்பலகையோடு ஒரு சிறிய அலமாரிக் கதவு. அடுத்து, ஏற்கெனவே இருக்கும் ஒரு நிலைக்குப் புதுக் கதவு மாட்டுவது, அனுபவமுள்ள தச்சர் ஒருவர் அருகிலிருக்க. இந்த இரண்டுக்கும் தொடங்கும் முன்பே பொருளும் நேரமும் செலவும் எழுதிவைத்து, முடிந்தபின் உண்மையான எண்களோடு ஒப்பிடுங்கள். மணிக்கணக்கில் உளி தீட்டுவது சலிக்கவில்லையா, பட்டறைக்குப் போங்கள். கோணல் சுவரைக் கண்டதும் வழி யோசிக்கத் தோன்றுகிறதா, தச்சு. எழுதிய எண்ணுக்கும் நடந்த எண்ணுக்கும் ஏன் வித்தியாசம் வந்தது என்று தோண்டத் தோன்றுகிறதா, ஒப்பந்தம் உங்களுக்கு ஒத்துவரும். ஆனால் அதற்கு முன் சில ஆண்டுகளாவது கையால் வேலை செய்திருக்க வேண்டும். ஒரு கீல் பள்ளம் வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதவர் போடும் விலைப்புள்ளியில் கூலி வரி வெறும் ஊகமாகவே இருக்கும்.

கருவிகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். எந்த வழியில் போனாலும் வேண்டியவை டேப், நல்ல மூலைமட்டம், கூரான பென்சில், 6, 12, 25 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ஒரு கைரம்பம், ஒரு இழைப்புளி, தீட்டுக்கல். வாங்கிய மூலைமட்டத்தை உடனே சோதியுங்கள்: நேர் விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் அன்றே கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரருக்கு அடுத்து வேண்டியது கிளாம்புகள், குறைந்தது நான்கு இருக்கட்டும். தச்சருக்கு 600 மி.மீ.க்குக் குறையாத ரசமட்டம், தூக்குக்குண்டு, டிரில். டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) வாங்கும் கட்டம் வந்தால், அறுத்த பலகை பிளேடை நெரிக்காமல் காக்கும் பின்தகடும் பலகையைத் தள்ளும் குச்சியும் அதோடு வருகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தகட்டைக் கழற்றிவைத்து ஓட்டினால் பலகை பின்னோக்கிப் பாய்ந்து ஆளைத் தாக்கும் ஆபத்து அதிகம்.